விலாவில் பிடித்துக்கொண்டால் எந்தத் தசையைக் குற்றம் சொல்வது?

கொட்டாஞ்சேனையில் இருந்து ஒரு தாய் கேட்டிருந்தார். இரண்டு கிழமையாகத் தடிமனும் இருமலும். இருமல் அடங்கிய பிறகு வலது விலாவில் ஒரு இடத்தில் பிடித்துக்கொண்டதாம். இருமினால் நோகிறது, தும்மினால் உயிர் போகிறது, ஆழமாக மூச்சு எடுத்தாலும் நோகிறது, ஓட்டோவில் இருந்து பின்னால் திரும்பிப் பார்த்தாலும் நோகிறது. டொக்டர் பார்த்துவிட்டு விலா இடைத் தசை இழுபட்டிருக்கிறது என்றிருக்கிறார். உயர்தரம் படிக்கும் மகள் தன் புத்தகத்தைக் கொண்டுவந்து (அதில் விலாவுக்குப் பழு என்று பெயர்), "வெளிப்பழுவிடைத் தசை சுருங்கினால் விலா உயரும், உட்பழுவிடைத் தசை சுருங்கினால் தாழும், அப்படியென்றால் அம்மாவுக்கு மூச்சு எடுக்கும்போது மட்டும் நோக வேண்டும், இல்லாவிட்டால் விடும்போது மட்டும் நோக வேண்டும்" என்று வாதாடியிருக்கிறாள். இரண்டிலும் நோகிறதே, எது பிழை, புத்தகமா டொக்டரா என்பது கேள்வி.

கெட்டிக்காரப் பிள்ளை. நோவைப் பற்றிய பகுதிக்கு விடை சின்னது. இழுபட்ட தசை சுருங்கினாலும் நோகும், பிடித்து நீட்டினாலும் நோகும். இருமும்போது அது சுருங்குகிறது. ஆழமாக மூச்சு எடுக்கும்போது விலாக் கூடு விரிய, அதே தசை நீளுகிறது. கெண்டைக்காலில் தசை பிசகியவர் பாதத்தை ஊன்றினாலும் கத்துவார், காலை நீட்டினாலும் கத்துவார். என்ன வித்தியாசம் என்றால், காலைத் தூக்கிக் கதிரையில் வைத்து ஓய்வு கொடுக்கலாம். விலாவுக்கு லீவு இல்லை. நிமிடத்துக்கு 12 மூச்சு என்று குறைத்துக் கணக்குப் போட்டாலும் ஒரு நாளைக்கு 17,280 தடவை அது அசைந்தாக வேண்டும்.

புத்தகத்தைப் பற்றிய பகுதிக்குத்தான் கொஞ்சம் இருந்து கதைக்க வேண்டும். வெள்ளவத்தையில் பிசியோதெரபி செய்துகொண்டு, இடையில் சில வருடம் மாணவர்களுக்கு உடற்கூறும் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: புத்தகம் பிழை இல்லை, பாதி. விலா இடைத் தசை என்ன செய்கிறது என்பதை அதன் பெயரும் அடுக்கும் சொல்லாது. அது விலாவில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் சொல்லும்.

முதலில் எலும்பு. 12 சோடி விலா, அவற்றுக்கிடையே ஒரு பக்கத்துக்கு 11 இடைவெளி. ஒவ்வொரு விலாவும் பின்னால் முள்ளந்தண்டோடு மூட்டுப் போட்டிருக்கிறது. முன்னால் முதல் 7 சோடி தத்தம் கசியிழையத்தால் (குருத்தெலும்பு) மார்புப்பட்டையை, அதாவது நடு நெஞ்செலும்பை, நேரே பிடித்திருக்கின்றன. 8, 9, 10 மூன்றும் மேலே இருப்பதன் கசியிழையத்தில் தொற்றிக்கொண்டிருக்கின்றன. 11, 12 முன்னால் எதையும் தொடுவதில்லை. முக்கியமான சங்கதி சரிவு. விலா பின்னால் உயர்ந்து, முன்னால் தாழ்ந்து சாய்ந்திருக்கிறது. அதனால்தான் அதைத் தூக்கினால் மார்பு முன்னுக்குத் தள்ளுகிறது. குழாய்க் கிணற்றுப் பம்பின் கைப்பிடியைத் தூக்கினால் அதன் நுனி மேலேயும் வெளியேயும் போகிறதல்லவா, மேல் விலாக்கள் அப்படி. கீழ் விலாக்கள் வாளியின் கைப்பிடி மாதிரி: இரண்டு முனையும் அப்படியே இருக்க நடுப்பகுதி பக்கவாட்டில் எழும்பும். ஒரு கையை மார்புப்பட்டை மேலும் மற்றக் கையைக் கீழ் விலாவின் பக்கத்திலும் வைத்து நீளமாக மூச்சு எடுத்துப் பாருங்கள். முதல் கை முன்னுக்கும் மற்றக் கை வெளிப்பக்கமும் போகும்.

பிறந்த குழந்தைக்கு இந்தச் சரிவு இல்லை. விலாக்கள் கிட்டத்தட்டக் கிடையாகவே கிடக்கும், தூக்கினாலும் பெரிதாக ஒன்றும் கூடாது. அதனால்தான் குழந்தை வயிற்றால் மூச்சு விடுகிறது. அந்தக் கூடு மெதுமையானதும்கூட. நிமோனியா வந்த குழந்தையின் கீழ் மார்பு மூச்சு எடுக்கும்போது உள்ளே குழிவதைப் பார்த்தால், அல்லது 2 முதல் 11 மாதப் பிள்ளை அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல், 1 முதல் 5 வயதுப் பிள்ளை 40 அல்லது அதற்கு மேல் மூச்சு எடுத்தால், உள்ளியும் வெந்நீரும் கொடுத்துப் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது. உடனே கொண்டுபோக வேண்டும். கேள்விக்கு வெளியே போய்விட்டேன்தான், ஆனால் தாய்மார் வாசிக்கும் இடத்தில் இதைச் சொல்லாமல் விட மனம் வராது.

சரி, தசை. படம் பார்த்துப் புரியாதவர்களுக்கு நான் சொல்லும் வழி இறைச்சிக் கடை. ஆட்டின் விலாப் பகுதியைக் கொத்தாமல் நாலைந்து விலாவோடு ஒரே துண்டாகத் தரச் சொல்லுங்கள். வீட்டில் பலகையில் வெளிப்பக்கம் மேலே இருக்க வையுங்கள். மேலே கிடக்கும் பெரிய தசையையும் கொழுப்பையும் உரித்துவிட்டால், இரண்டு விலாவுக்கு நடுவில் மெல்லிய சிவப்பு இழைகள் சரிவாக ஓடுவது தெரியும். அதுதான் வெளித்தசை, புத்தகத்தின் வெளிப்பழுவிடைத் தசை. கத்தி நுனியால் மெதுவாகச் சுரண்டினால் அது பெயர்ந்து வரும், கீழே இன்னொரு படை, இழைகள் நேர் எதிர்ச் சரிவில். அதுதான் உள்தசை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பெருக்கல் குறி போட்டது மாதிரி. துண்டைத் திருப்பிப் போட்டால் உட்பக்கம் ஒரு பளபளப்பான சவ்வு, விரலால் தடவினால் வழுக்கும். உயிரோடு இருந்தபோது நுரையீரல் உரசிக்கொண்டு போன பக்கம் அது. நம்முடைய விலாவிலும் இதே அமைப்புத்தான். காற்சட்டைப் பைக்குள் கையை விடும்போது விரல்கள் போகும் திசை, அதாவது கீழேயும் முன்னேயும், வெளித்தசை இழையின் திசை. உள்தசை அதற்குக் குறுக்கே, கீழேயும் பின்னேயும்.

இரண்டு படையும் விலா நெடுகிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதையும் அந்தத் துண்டிலேயே பார்க்கலாம். வெளித்தசை பின்னால் முள்ளந்தண்டுக்குக் கிட்ட ஆரம்பித்து, முன்னால் விலா கசியிழையமாக மாறும் இடத்தில் முடிந்துவிடும். அதற்கு அப்பால் வெறும் சவ்வு. உள்தசை மார்புப்பட்டை ஓரத்தில் ஆரம்பித்து, பின்னால் விலா வளையும் கோணத்தோடு நின்றுவிடும். அப்புறம் அதற்கும் வெறும் சவ்வு. ஆகவே மார்புப்பட்டைக்குப் பக்கத்தில் உள்தசை மட்டும், முதுகுத்தண்டுக்குப் பக்கத்தில் வெளித்தசை மட்டும். புத்தகத்தின் பாதி விடுபட்டது எங்கே என்பதற்கு இதுதான் சாவி.

வெளித்தசை தூக்கும், உள்தசை இறக்கும் என்ற வசனம் எங்கிருந்து வந்தது? 18ஆம் நூற்றாண்டில் ஜேர்மனியில் யேனா நகரில் இருந்த ஹாம்பெர்கர் என்ற பேராசிரியர் அதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார். மகள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு பலகையில் இரண்டு அடிமட்டத்தை ஒன்றின் கீழ் ஒன்றாக, இடது முனையில் மட்டும் ஆணி குத்தி வையுங்கள். வலது முனைகள் இரண்டையும் ஒரு குச்சியால் தொடுத்து, இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கும்படி செய்யுங்கள். ஆணி இருக்கும் பக்கம் முள்ளந்தண்டு, குச்சி மார்புப்பட்டை. இப்போது ஒரு றப்பர் பட்டியை மேல் மட்டத்தில் ஆணிக்குக் கிட்டவும், கீழ் மட்டத்தில் ஆணிக்குத் தூரவும் மாட்டுங்கள். வெளித்தசையின் சரிவு அதுதான். விட்டவுடன் இரண்டு மட்டமும் மேலே எழும்பும். ஏன்? பட்டி இரண்டு மட்டத்தையும் ஒரே பலத்தோடுதான் இழுக்கிறது, ஆனால் கீழ் மட்டத்தை ஆணியில் இருந்து தள்ளிப் பிடித்திருக்கிறது. கதவைப் பிணைச்சலுக்குக் கிட்டத் தள்ளுவதற்கும் கைப்பிடியில் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம். பட்டியை மற்றப் பக்கம் சரித்து மாட்டினால் இரண்டும் கீழே இறங்கும். அது உள்தசை.

அதே காலத்தில் கெட்டிங்கன் நகரில் இருந்த ஹாலர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. முதலாவது விலா மற்றவற்றை விட அசையாமல் இருக்கிறது, ஆகவே எந்தச் சரிவில் இருந்தாலும் எல்லாத் தசையும் கீழ் விலாவை மேல் விலாவிடம்தான் இழுக்கும், இரண்டு படையும் தூக்குபவைதான் என்றார். இருவரும் 1740களில் காரசாரமாகச் சண்டை பிடித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், நுரையீரலுக்கும் மார்புச் சுவருக்கும் நடுவில் காற்று இருக்கிறது என்று ஹாம்பெர்கர் பிடிவாதமாகச் சொன்னதில், அதை மறுத்த ஹாலர்தான் சரி. விலாக் கணக்கில் ஹாம்பெர்கர் கூடுதலாகச் சரி. ஒருவரும் முழுக்க வெல்லவில்லை.

ஹாம்பெர்கரின் கணக்கை மார்புப்பட்டைக்குப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். அங்கே உள்தசை மட்டும்தான் இருக்கிறது என்று சொன்னேன். ஆனால் அங்கே பிணைச்சல் முள்ளந்தண்டு அல்ல, மார்புப்பட்டை. அதே இழை மார்புப்பட்டைக்குக் கிட்ட மேலேயும், தூரக் கீழேயும் பிடித்திருக்கிறது. அப்படியென்றால் இறக்கும் தசை என்று பெயர் வாங்கிய அது, அந்த இடத்தில் தூக்கும் தசையாகிவிடுகிறது! நாம் சும்மா உட்கார்ந்து மூச்சு எடுக்கும்போதெல்லாம் இந்த ஓரத்து உள்தசைகள் வேலை செய்கின்றன. ஊசி மின்முனை வைத்து அளந்து பார்த்த சங்கதி இது. பள்ளிக்கூடப் படத்தில் இந்த விதிவிலக்குக்கு இடம் இல்லை.

கணக்கு இதோடு முடியவில்லை. அடிமட்டம் நேரானது, விலா வளைந்தது. அந்த வளைவைக் கணக்கில் எடுத்தால், ஒரே தசையே விலாவின் பின்பக்கத்தில் ஒரு அளவு பலனும் முன்னால் வரவர வேறு அளவு பலனும் கொடுக்கிறது. பெல்ஜியத்தில் ஆந்த்ரே டி துருவாயே என்பவர் பல ஆண்டு இதற்கே செலவழித்தார். பெரும்பாலும் நாய்களில் அளந்து, பிறகு மனித விலாக் கூட்டின் படங்களோடு பொருத்திப் பார்த்து, 2005இல் இரண்டு சகாக்களோடு எல்லாவற்றையும் ஒரு நீண்ட கட்டுரையாகத் தொகுத்தார். சாரம் இது: வெளித்தசை மூச்சை உள்ளே இழுப்பதில் பலமாக இருப்பது மேல் இடைவெளிகளின் பின்பக்கத்தில். கீழே போகப்போக, முன்னால் வரவர அந்தப் பலம் குறைகிறது, சில இடங்களில் எதிர்ப்பக்கமாகவே மாறிவிடுகிறது. உள்தசை மூச்சை வெளியே தள்ளுவதில் பலமாக இருப்பது கீழ் இடைவெளிகளில், அதுவும் பின்பக்கம். இதில் எனக்குப் பிடித்த பகுதி மூளையின் கணக்கு. எந்த இடத்துத் தசைக்குப் பலன் அதிகமோ, அந்த இடத்துக்கே முதலிலும் கூடுதலாகவும் கட்டளை போகிறது. பலன் இல்லாத இடத்தில் வீணாகச் செலவழிப்பதில்லை. மாதக் கடைசியில் குடும்பம் நடத்துகிறவருக்கு இது விளங்கும்.

மூன்றாவது படை ஒன்றும் உண்டு, உள்தசைக்கும் உள்ளே. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில், ஒவ்வொரு விலாவின் கீழ் விளிம்பிலும் உள்ள பள்ளத்தில், மேலிருந்து கீழாக நாளம், நாடி, நரம்பு மூன்றும் ஓடுகின்றன. நுரையீரலைச் சுற்றித் தண்ணீர் கட்டினால் டொக்டர்மார் ஊசியை எப்போதும் கீழ் விலாவின் மேல் விளிம்பை உரசி விடுவது மேலே தொங்கும் அந்த மூன்றையும் தப்ப வைக்கத்தான். நரம்புதான் மூன்றிலும் கீழே, பள்ளத்துக்கு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டு. இன்னொரு விசயம்: 7ஆவதில் இருந்து 11ஆவது வரையான நரம்புகள் விலாவோடு நின்றுவிடாமல் வயிற்றுச் சுவர் வரை போகின்றன. தொப்புளைச் சுற்றிய தோல் 10ஆவது நரம்பின் பங்கு. கீழ் விலாவில் வந்த நோவை வயிற்றில் உணர்வதும், வீட்டில் ஒருவர் தவறாமல் "வாய்வு பிடித்திருக்கு, உள்ளி அவித்துக் குடி" என்பதும் இதனால்தான். உள்ளி குடித்தால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் விலாவைச் சுற்றி அரைப்பட்டி கட்டியது போல் எரிந்து, இரண்டு மூன்று நாளில் கொப்புளம் போட்டால் அது அக்கி. அதற்கு மருந்து தொடங்குவது கொப்புளம் வந்து 72 மணித்தியாலத்துக்குள் நல்லது.

இனி உண்மையிலேயே சின்னவர்கள். புத்தகங்கள் ஒரு வரியில் தாண்டிப்போகும் இவர்களில்தான் எனக்கு ஆசை.

முள்ளந்தண்டின் இரு பக்கமும், ஒரு பக்கத்துக்கு 12 வீதம், விரல் நகம் அளவு அகலமான முக்கோணத் தசைகள் வரிசையாக இருக்கின்றன. லத்தீனில் லெவட்டோரெஸ் கொஸ்டாரம், நேரே சொன்னால் விலா தூக்கிகள். கழுத்தின் 7ஆவது முள்ளெலும்பு தொடங்கி மார்பின் 11ஆவது வரை, ஒவ்வொன்றின் பக்கக் கொம்பில் இருந்தும் புறப்பட்டு, விசிறி போல் விரிந்து, அடுத்த கீழ் விலாவின் முதுகில் இறங்கும். கீழே உள்ள நாலு மட்டும் இன்னொரு இழையை அனுப்பி, ஒரு விலாவைத் தாண்டி அடுத்ததையும் பிடித்துக்கொள்ளும். அவை பிடிக்கும் இடம் பிணைச்சலுக்கு மிகக் கிட்ட. அங்கே ஒரு சிறு அசைவு, விலாவின் முன் நுனியில் பெரிய அசைவாகும். ஆனால் கிட்டப் பிடித்து இழுப்பதற்குப் பலம் நிறைய வேண்டும், இவற்றுக்கோ உடம்பே இல்லை. நாய்களில் அளந்தபோது மூச்சு எடுக்கும் ஒவ்வொரு தடவையும் இவை விலாவைத் தூக்கத்தான் செய்தன. நிமிர்ந்து நடக்கும் நமக்கு முள்ளந்தண்டைச் சரிப்பதிலும் திருப்பிப் பிடிப்பதிலும் இவற்றுக்குப் பங்கு உண்டு என்று சொல்லுவோர் பலர். விலா இடைத் தசைகளுக்கு நரம்பு முன்கிளையில் இருந்து வர, இவற்றுக்குப் பின்கிளையில் இருந்து வருகிறது. பிறப்பிலேயே இவை முதுகுத் தசைக் குடும்பம், விலாவுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவை.

விலாக் கூட்டின் உள்ளே, பின்பக்கக் கீழ்ப் பகுதியில் சப்கொஸ்டல் என்ற மெல்லிய பட்டிகள். ஒன்றிரண்டு விலாவைத் தாண்டிப் பிடிக்கும், விலாவைத் தாழ்த்தும். அவ்வளவுதான். முன்பக்க உள்ளே இருப்பது கொஞ்சம் சுவாரசியமானவர்: மார்புப்பட்டையின் பின்புறக் கீழ்ப் பாதியில் இருந்து கைவிரல் விரித்தது மாதிரிப் புறப்பட்டு 2 முதல் 6 வரையான விலாக் கசியிழையங்களைப் பிடிக்கும் டிரான்ஸ்வேர்சஸ் தொராசிஸ். சும்மா படுத்து மூச்சு விடும்போது இவர் நித்திரை. இருமினால், வாய்விட்டுச் சிரித்தால், பலமாகக் கதைத்தால் உடனே எழும்புவார். கலியாண வீட்டில் இரவிரவாகச் சிரித்துவிட்டு மறுநாள் நெஞ்செலும்புக்குப் பின்னால் ஒரு அலுப்பு இருந்தால், இவரையும் சந்தேகிக்கலாம்.

பிறகு செரேட்டஸ் பொஸ்டீரியர் என்ற இரண்டு சோடி, வாள்பல் மாதிரி விளிம்பு உள்ளவை. மேல் சோடி தோள்பட்டைக்குக் கீழே ஒளிந்து 2 முதல் 5 வரையான விலாவுக்கும், கீழ் சோடி நாரிக்கு மேலே 9 முதல் 12 வரையான விலாவுக்கும். பழைய புத்தகங்கள் எல்லாம் மேலது விலாவைத் தூக்கும், கீழது இறக்கும் என்று எழுதி வைத்திருந்தன. மாணவனாக நான் வாய்மொழிப் பரீட்சையில் அதை அப்படியே ஒப்புவித்தேன். எதிரே இருந்தவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "அது தூக்கினதை ஆர் பார்த்தது?" என்று கேட்டார். வாயடைத்துப் போனேன். பிணத்தில் இழை போகும் திசையைப் பார்த்து வேலையை ஊகித்து எழுதிவிட்டார்கள். மூச்சோடு இவை வேலை செய்கின்றன என்பதற்கு, தசையில் மின்சாரம் அளந்து கிடைத்த சான்று இல்லை. இழுப்பதை விட, முதுகு எப்படி வளைந்திருக்கிறது, விலா எங்கே நிற்கிறது என்று உளவு சொல்வதுதான் இவற்றின் வேலையாக இருக்கலாம் என்ற கருத்து வந்தது. எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது.

உளவு என்று விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தசைக்குள் அதன் நீளத்தை அளந்து மூளைக்குச் சொல்லும் சின்னக் கதிர் வடிவ உணரிகள் இருக்கின்றன. மூச்சின் பெரும் பங்கைச் செய்யும் பிரிமென்றகட்டில் (தமிழ்நாட்டுப் புத்தகங்களில் உதரவிதானம்) அவை மிகக் குறைவு. விலா இடைத் தசைகளிலோ தாராளம். ஒருவர் தூக்கும் ஆள், மற்றவர் அளவெடுக்கும் ஆள் என்று சொல்லலாம், முழுக்கச் சரியாக இருக்காது, ஆனால் நினைவில் நிற்கும்.

அளவெடுப்பதன் பலன் கதைக்கும்போது தெரியும். நெஞ்சு நிறைய மூச்சு எடுத்துவிட்டுக் கதைக்கத் தொடங்கினால், விலாக் கூடு ஊதின பலூன் மாதிரி உடனே சுருங்கப் பார்க்கும். விட்டால் முதல் இரண்டு சொல் கத்தலாகவும் மிச்சம் முணுமுணுப்பாகவும் போய்விடும். அதனால் முதலில் வெளித்தசைகள் விலாவைத் தாங்கிப் பிடித்து, காற்றை அளவோடு விட்டுக்கொடுக்கின்றன. மூச்சு குறையக் குறைய அவை தளர்ந்து, வசனத்தின் கடைசியில் உள்தசைகள் சேர்ந்து பிழிகின்றன. ஆடிவேல் ஊர்வலத்தில் நாதஸ்வரக்காரரின் பக்கத்தில் நடந்தால், ஒரு நீண்ட பிடியின் கடைசியில் அவர் கீழ் விலா உள்ளே ஒடுங்குவதைச் சட்டை இல்லாத உடம்பில் பச்சையாகப் பார்க்கலாம். ஐந்துலாம்புச் சந்தியில் மூட்டை தூக்கும் நாட்டாமிமாரைப் பாருங்கள், இன்னொரு பாடம். மூட்டை தோளுக்கு வரும் கணத்தில் மூச்சு நின்றிருக்கும், விலாக் கூடு பீப்பாய் மாதிரி இறுகியிருக்கும். எல்லாப் படையும் ஒன்றாக இறுகினால் விலா ஏறுவதும் இல்லை இறங்குவதும் இல்லை. சுவர் ஆகிறது.

திரும்புவதும் இவர்கள் வேலைதான். உடம்பை இடது பக்கம் திருப்பினால் வலது பக்கத்து வெளித்தசைகளும் இடது பக்கத்து உள்தசைகளும் சேர்ந்து முறுக்குகின்றன. ஓட்டோவில் திரும்பும்போது உங்களுக்குப் பிடிப்பது இதனால். எந்தப் பக்கம் திரும்பினால் கூட நோகிறது என்று கவனித்தால் எந்தப் படை என்று ஊகிக்கலாமா என்று மகள் கேட்பாள். நானும் முயன்றிருக்கிறேன். ஒரு பக்கம் சுருங்கி நோக, மறுபக்கம் நீண்டு நோக, கடைசியில் இரண்டும் நோகிறது என்பார்கள். இருமல் முக்கியமாக வெளியே தள்ளும் வேலை என்பதால் கீழ் விலாக்களின் உள்தசை என்று பந்தயம் கட்டலாம். வைத்தியம் எந்தப் படைக்கும் ஒன்றுதான் என்பதால் பந்தயத்தில் வென்று பிரயோசனம் இல்லை.

அதை விட முக்கியம், அது தசைதானா என்பது. கடும் இருமலின்போது மார்புக்குள் அழுத்தம் 300 மில்லிமீற்றர் பாதரசம் வரை ஏறலாம். நாம் கையில் பட்டி கட்டி அளக்கும் 120 எங்கே, இது எங்கே. அந்த விசையில் விலா எலும்பே வெடிக்கலாம், பெரும்பாலும் பக்கவாட்டில், 5 முதல் 9 வரையானவற்றில். எலும்பு மெலிந்த வயதான பெண்களுக்குக் கூடுதல். விரல் நுனியால் அழுத்திப் பாருங்கள். இரண்டு விலாவுக்கு நடுப் பள்ளத்தில் நோவு என்றால் தசை. எலும்பின் மேலேயே ஒரு புள்ளியில் துடித்தால், அல்லது முன்னும் பின்னும் கை வைத்து நெஞ்சை மெதுவாக நெருக்கும்போது தூரத்தில் அந்தப் புள்ளியில் நோவு எழுந்தால், டொக்டரிடம் மறுபடி போங்கள். முதல் எக்ஸ்ரேயில் மெல்லிய வெடிப்பு தெரியாமல் போவதும் உண்டு.

அழுத்தினால் நோகாமல், நெஞ்சில் கல் வைத்தது போல் இறுகி, கை, தாடைக்குப் பரவி, வியர்த்தால் விலாத் தசை என்று சமாதானம் சொல்லிக்கொண்டு இருக்க வேண்டாம். 1990க்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசம். மூச்சுத் திணறல், சளியில் இரத்தம், ஒரு காலில் மட்டும் வீக்கம், நடுக்கத்தோடு காய்ச்சல், இவற்றுக்கும் அதே அவசரம்.

தசைதான் என்று உறுதியானால் வேலை குறைவு. இருமல் வரும்போது ஒரு தலையணையை நோகும் பக்கத்தில் அணைத்து அழுத்திக்கொண்டு இருமுங்கள், பாதி நோவு குறையும். இளஞ்சூட்டு ஒத்தடம் நல்லது. சித்தாலேப பூசலாம், ஆனால் விலா இடுக்கில் கட்டை விரலை விட்டு உருவ விடாதீர்கள், கிழிந்த இழையை மேலும் கிழிக்கும். பெனடோல் போதும். அதை விடப் பலமான நோ மாத்திரைகள், ஐபூப்ரோஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவை, காய்ச்சலும் சேர்ந்து இருந்தால் தொடவே வேண்டாம். கொழும்பில் எந்தக் காய்ச்சலும் டெங்கு இல்லை என்று தெரியும் வரை டெங்குதான். சீலையால் நெஞ்சை இறுக்கிக் கட்டுவது பழைய பழக்கம், செய்யாதீர்கள். மூச்சு மேலோட்டமாகி, சளி அடியில் தேங்கி, நிமோனியாவுக்கு வழி வைக்கும். மாறாக, மணிக்கு ஒரு தடவையாவது ஐந்தாறு நீண்ட மூச்சு, நோவு தொடங்கும் எல்லை வரை. சின்ன இழுபடல் சில நாளில் ஆறும், பெரியது 6 முதல் 8 கிழமை எடுக்கும். இருமல் இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் தசையை விட்டுவிட்டு இருமலைப் பார்க்கச் சொல்லுங்கள், சளிப் பரிசோதனையும் சேர்த்து.

மகளுக்கு ஒன்று. பரீட்சைத் தாளில் வெளிப்பழுவிடைத் தசை உயர்த்தும், உட்பழுவிடைத் தசை தாழ்த்தும் என்றே எழுதட்டும். புள்ளி அதற்குத்தான். மார்புப்பட்டை ஓரத்து உள்தசையைப் பற்றி ரியூசன் ஆசிரியரிடம் கேட்க வேண்டுமென்றால் பரீட்சை முடிந்த பிறகு கேட்கட்டும். முடிந்தால் அந்த ஆட்டு விலாத் துண்டையும் கையோடு கொண்டுபோகட்டும்.